ஸ்குரூவுக்குப் பொட்டு

ஸ்குரூவை முடுக்குவதற்கு முன்னால் நாகையா அதற்குப் பொட்டு வைப்பான். கைக்கு எட்டுகிற இடத்தில் பழைய பால் டின் மூடி ஒன்றில் குழைத்த சந்தனம் இருக்கும். மோதிரவிரலால் தொட்டு, ஸ்குரூ போகிற ஓட்டையின் மேல் ஒரு இழுப்பு இழுப்பான். பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுப்பான். கார் ஹாரனோ, லோரி விளக்கோ, பொட்டு இல்லாமல் அவன் கையை விட்டு எதுவும் போகாது.

"அது என்ன உன் புதுப் பொண்டாட்டியாடா, பொட்டு வச்சு அழகு பாக்குறே?" என்று கேட்பேன்.

"கரண்டும் சாமிதான்க்கா. மரியாதை குடுத்தாத்தான் நிக்கும்."

புருஷன் போன அன்று ஊர் கூடி என் நெற்றியில் அழித்ததை, இவன் அஞ்சு காசு ஸ்குரூவுக்கெல்லாம் வைக்கிறான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்சுக்குப் பின்னால், என் அப்பக் கடையை ஒட்டிய தகரக் கொட்டகை அவனுடையது. கார் வயரிங் மட்டும்தான் பார்ப்பான். எஞ்சினைத் தொடமாட்டான். "அது அழுக்கு வேலைக்கா" என்பான், ஏதோ இவன் சட்டை வெள்ளையாக இருப்பதுபோல. வேலை நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. தலை டேஷ்போர்டுக்கு அடியில், வயிறு சீட்டின் மேல், சிலிப்பர் போட்ட இரண்டு கால் கதவுக்கு வெளியே. வயரைப் பல்லால் உரித்து உரித்து முன்பல்லில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அதைக் காட்டி, "இதுதான் என் சர்ட்டிபிகேட்" என்பான். மீசைக்குச் சாயம் அடிப்பான், தலையை விட்டுவிடுவான். வெள்ளிக்கிழமை முட்டை அப்பம்கூடத் தொடமாட்டான். சனிக்கிழமை அவனைத் தேட வேண்டுமென்றால் கள்ளுக்கடைக்குப் போக வேண்டும்.

வாய்தான் அவனுக்குப் பெரிய சொத்து. "நாகையா கட்டுன வயரு திரும்பி வராதுலா!" வராமல் என்ன? வரும். வந்தால் எலி கடித்திருக்கும், மழை நனைத்திருக்கும், பேட்டரி மட்டமாக இருக்கும். ஒருமுறை காருக்குச் சொந்தக்காரர் மனைவியின் கண்ணூறு என்றுகூடச் சொல்லிவிட்டான். இவன் தப்பு என்று ஒன்று அந்தக் கொட்டகையில் நடந்ததே இல்லை.

யாழ்ப்பாணத்துத் தங்கரத்தினம் ஐயா, ரயில்வே ஆபீசில் பென்சன் வாங்கியவர், போன வாரம் தம் பழைய ஜப்பான் காருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டாங்கியில் பெட்ரோல் எவ்வளவு என்று காட்டும் புது எண்ணெய் மீட்டர் ஒன்று வாங்கி வந்து இவனைக் கொண்டு மாட்டினார். அன்றைக்கு முள் அழகாக ஏறியது. இந்த வாரம் மறுபடி வந்தார். பின்னால் டிரைவர் வேலாயுதம், கையில் கார்ச் சாவியோடு.

"நாகையா, உம்முடைய மீற்றர் சரியா வேலை செய்யுதோ? மீற்றர் பூட்டின அண்டைக்கே நான் பக்கத்தில நிண்டு முழு டாங் அடிச்சனான். இரவில இவன்தான் காரைத் தன்ர வீட்டை கொண்டுபோறவன். இண்டைக்குக் காலமை பாத்தா அரைக்குக் கீழ நிக்குது. ஓடினது கோயிலுக்கும் கிளினிக்குக்கும்தான். மிச்சம் எங்க?"

"நான் தொடலீங்க ஐயா" என்றான் வேலாயுதம். ஐம்பது வயதைத் தாண்டியவன். எண்ணெய் திருடினான் என்ற பேரோடு இறங்கினால் பிரிக்பீல்ட்ஸில் வேறு எவன் அவனிடம் சாவி கொடுப்பான்?

நாகையா கோப்பிக் குவளையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என் வயரு பொய் சொல்லாதுங்க ஐயா" என்றான்.

பெரியவர் டிரைவர் பக்கம் கையை நீட்டினார். வேலாயுதம் சாவியை அதில் வைத்தான்.

நான் அப்பச் சட்டியை இறக்கிவிட்டுப் போனேன். "டேய் நாகையா! காரைத் தொட்டுக்கூடப் பாக்காம ஒரு மனுசன் பொழைப்புல மண்ணள்ளிப் போடுறியே! அது என்ன வாயால பாக்குற மீட்டரா? கழட்டிப் பாருடா!"

"பாத்தா மட்டும் என்னக்கா மாறிடும்?" என்று சொல்லிக்கொண்டே போய் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தான்.

ஐயா சாவியைப் போட்டுத் திருப்ப, டெஸ்ட் லைட்டை மீட்டருக்குப் பின்னால் வைத்தான். எரிந்தது. "கரண்டு வருது, பாத்தீங்களா?" பிறகு பின்னால் வந்து காரின் பின்பெட்டியைத் திறந்தான். டாங்கிக்குள் எண்ணெயோடு ஏறி இறங்கும் மிதவை ஒன்று உண்டு. அதிலிருந்து மீட்டருக்கு ஒரு வயர் போகிறது. கரண்டு திரும்பிப் போக, எர்த்துக்கு இன்னொரு வயர் டாங்கியிலிருந்து வந்து கார் பாடியில் ஸ்குரூ போட்டு நிற்கிறது. மீட்டர் மாட்டிய அன்று இரண்டையும் புதிதாகக் கட்டியவன் இவன்தான். முதல் வயரைப் பிடுங்கிக் கார் இரும்பில் தொட்டான். முள் துள்ளி முழுசுக்குப் போனது. "மீட்டர் ஓகே. என் வயரும் ஓகே. இப்ப என்ன சொல்றீங்க?"

"இன்னும் ஒரு வயரு இருக்குல்ல?" என்றேன்.

வேண்டாவெறுப்பாக முதல் வயரை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, ஒரு துண்டு வயரை எடுத்து, டாங்கியின் இரும்பையும் கார் இரும்பையும் சேர்த்துப் பிடித்தான்.

முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஐயா, "ஏறுது! ஏறுது!" என்றார். துண்டு வயரை எடுத்தான். "இறங்கிட்டுது!"

நாகையா எர்த் ஸ்குரூவைக் கழற்றினான். வயர் நுனியில் இருந்த வளையத்துக்கு அடியில், இரும்புக்கும் அதற்கும் நடுவே, மஞ்சளாக ஏதோ காய்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தது. ஈரமாக இருந்த அன்று கரண்டை விட்டது. காய்ந்ததும் மறித்துக்கொண்டது.

ஐயா பின்னால் வந்து குனிந்தார். "என்ன அது, துருவோ?"

துரு என்று சொல்லியிருக்கலாம். அவன் வாய்க்கு அது கஷ்டமே இல்லை. துரு என்றால் பழைய காரின் குற்றம், அதோடு முடிந்தது. நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் வேலாயுதத்தைப் பார்த்தான்.

"இல்லீங்க ஐயா. சந்தனம். நான் வச்சது. எர்த்து புடிக்கல. எண்ணெய் எங்கயும் போகல, டாங்கிலதான் இருக்கு."

உப்புத்தாள் எடுத்து இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தான். வளையத்தை விரலால் அழுத்திப் பிடித்தான். ஐயா மறுபடி முன்னால் போய்ப் பார்த்தார். முள் முக்காலுக்கு மேல் போய் நின்றது. அவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது. சாவியை உருவி வேலாயுதம் கையில் திருப்பி வைத்து, "சரி, சரி, கிளினிக் பூட்டப்போறான், வெளிக்கிடு" என்றார்.

நாகையா ஸ்குரூவை எடுத்தான். மற்றக் கை தானாகப் பால் டின் மூடிக்குப் போனது. மோதிரவிரல் சந்தனத்தைத் தொட்டு, ஓட்டைக்கு மேலே வந்து நின்றது.

எழுந்தான். வயிற்றைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றிப் போய், கதவைத் திறக்கப்போன வேலாயுதத்தின் நெற்றியில் அந்தச் சந்தனத்தை இழுத்தான். வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். திரும்பி வந்த நாகையா, வெறும் ஸ்குரூவை முடுக்கினான்.