ரைன் கரையில கண்ணாடி துடைச்சவர்

சுகந்தன் அண்ணை, நீங்கள் முந்தி இருந்த ஜேர்மனி கொலோனுக்கு இந்தக் குளிருக்கை போனனான். லண்டன் செவன் கிங்ஸில அம்மா உங்களுக்கெண்டு சுட்ட வடையை ரைன் ஆற்றங்கரையில காகத்துக்கு வைச்சன். காகம் எடுக்காட்டி அம்மா தாங்கமாட்டா.

மூக்குச் சிவந்த காவல்காரர் ஒருத்தர் வந்தார். ஒவ்வொரு கதைக்கும் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார்.

“பறவைக்குச் சாப்பாடு போடக்கூடாது,” எண்டு இங்கிலிஷில சொன்னார்.

“பறவைக்கு இல்லை, என்ர அண்ணைக்கு.”

“அண்ணை எங்க?”

“செத்திட்டார். காகமா வருவார்.”

கண்ணாடியைக் கழட்டினார். “இது இல்லாட்டி எனக்குக் கண் தெரியாது. கெதியா வரச்சொல்லு.”

காகம் வந்து வடையைத் தூக்குமட்டும் துடைச்சுக்கொண்டே நிண்டார். பிறகு போட்டுப் பாத்திட்டு, “நல்ல பசி போல,” எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, அண்ணை.

அந்தாள் ஏன் எனக்காக அந்தக் குளிரில நிண்டதெண்டு இப்பவும் விளங்கேல்லை. இதை வாசிக்கிற எல்லாரும் என்ர அண்ணைக்காக ஒருக்காக் கும்பிடுங்கோ.