நான் அடிக்காத அடி

இரண்டு வருடங்களுக்கு முன், ஏற்காட்டுக்குக் கூட்டம் அலைமோதும் ஒரு கோடை மதியம். கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் என் மனைவி வேலை பார்த்தாள். நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரன். அன்று அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன்.

டிபன் கேரியரை நீட்டியபோது, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட வந்திருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதான் இவ புருசனா?”

“ஆமாங்க.”

“கையெல்லாம் நீலம் நீலமாக் கெடக்குது. இப்பிடியாப்பா போட்டு அடிப்பே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ, இவரு என்னைய அதட்டக்கூட மாட்டாருங்க” என்று மனைவி பதறினாள்.

“அடி வாங்குற எல்லாரும் இதையேதான் சொல்றீங்க” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கிளம்பிப் போனார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மானமே போயிற்று.

அவள் கையில் நீலம் இருந்தது உண்மைதான். லேசாக இடித்தாலே கன்றிப்போகும். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வரும். வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துவிடுவாள். வெயிலில் நிற்கிற களைப்பு என்று நினைத்து முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகச் சமாளித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளே அவளை அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அக்கறையில் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இது அடித்த காயம் இல்லை என்று ஒரு டாக்டர் வாயால் கேட்க வேண்டும் என்ற ரோஷம்தான்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறியது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மிகவும் குறைவு, வெள்ளணுக்களும் குறைவு என்றார். என்ன வேலை என்று கேட்டார். மனைவி பெருமையாகவே சொன்னாள். மலை ஏறுகிறவர்கள் டேங்க்கை வாய்வரை நிரப்பச் சொல்வார்கள். பம்ப் தானாக நின்ற பிறகும், டேங்க் வாய்க்கு நேராகக் குனிந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் இவள்தான் நிரப்புவாள். அதற்காகவே இவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

“அந்தப் பெட்ரோல் ஆவியத்தானம்மா இத்தன வருசமா மூச்சா இழுத்திருக்கீங்க” என்றார் டாக்டர். பெட்ரோலில் உள்ள பென்சீன், ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கக்கூடியதாம். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் இனி பம்ப் பக்கம் நிற்கவே கூடாது என்றார். மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. புற்றுநோய் இல்லை என்று சொன்னபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இப்போது அவளுக்கு ஒரு துணிக்கடையில் வேலை. அணுக்கள் மெல்ல மெல்ல ஏறின, நீலமும் மறைந்துவிட்டது. ரத்தம் சோதிப்பதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. என் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது பம்ப் நின்றதுமே போதும் என்று சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அவளை அழைத்துவரக் கடை வாசலில் நின்றிருந்தேன். அதே அம்மா கைப்பையோடு வெளியே வந்தார்.

“உள்ள உன் சம்சாரத்தப் பாத்தேன். கை நல்லாயிருக்குது. திருந்திட்டே போல. இப்பிடியே இரு சாமி.”

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். “சரிங்க” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அவரைப் பொறுத்தவரை நான் பெண்டாட்டியை அடித்துக்கொண்டிருந்து, பிறகு திருந்தியவன். அவள் இன்று என்னோடு இருப்பதே அந்தக் கெட்ட பெயரால்தான் என்பதால், அது என் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.