பூசாத ஒரு முழம்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில், தங்கும் விடுதியாக மாறிக்கொண்டிருக்கும் பழைய வீடு. வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழ அளவுக்குப் பூச்சே இல்லாமல் கல் தெரிகிறது.

"எவனோ அரைகுறையா விட்டுட்டுப் போயிருக்கான் சார்," என்கிறார் தென்காசிக் கொத்தனார் முருகேசன், கலவையைக் குழைத்தபடி.

தெருவைச் சுற்றிப் பார்க்க வந்த நான், வேண்டுமென்றே விட்டது என்கிறேன். பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்ட காலம் தொட்டு நாடிழந்து அலைந்த ஜனம் யூதர்கள். போன ஊரில் எவ்வளவு நன்றாக வாழ்ந்தாலும், எருசலேமில் இடிந்த ஆலயத்தை மறக்கக் கூடாதென்று வீட்டில் இவ்வளவு இடத்தைப் பூசாமல் விடுவார்கள்.

கரண்டி ஒரு கணம் நிற்கிறது.

"அவங்கதான் இஸ்ரேலுக்கே போயிட்டாங்களே சார். இனி யாரு இதைப் பாத்து அழப்போறா? சாயங்காலம் முதலாளி வந்தா என்னையத்தான் ஏசுவாரு."

கலவையை வீசி அப்புகிறார். கல் மறைகிறது. பேச்சை மாற்ற, ஊரில் அவருக்கு வீடு இருக்கிறதா என்று கேட்கிறேன்.

"இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி கட்டுனது," என்கிறார், ஈரச் சுவரைத் தேய்த்து மட்டமாக்கியபடியே. "வீடு முழுக்கப் பூசாமத்தான் கிடக்கு. நான் எங்க சார் ஊர்ல இருக்கேன், பூசுறதுக்கு?"