வலது காதின் திருகாணி

"ஆவணி, இரண்டாம் வெள்ளி, காலை. வலது காதில் தோடு இருக்கிறது, திருகாணி இல்லை. இடது காது சரி. குழந்தையைக் கேட்டேன், முழுங்கிட்டேன் என்கிறாள். மறுபடி கேட்டேன், துப்பிட்டேன் என்கிறாள். மூச்சு சீர். இருமல் இல்லை."

நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் நான் எழுதி வைத்த குறிப்பு இது. செஞ்சியைச் சுற்றியுள்ள பழைய இடங்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிப்பதும், நேரில் பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வைப்பதும் என் பழக்கம். தளவானூர், சீயமங்கலம் குகைக் கோயில்களுக்குப் போய் வந்ததைப் போலவே மகளுக்கு முதல் பல் முளைத்ததையும் எழுதியிருக்கிறேன். இந்தக் குறிப்பில் மட்டும் எழுத்துகள் வரியை விட்டு இறங்கிப் போயிருக்கின்றன.

அவளுக்கு அப்போது இரண்டரை வயது. எதைச் சொன்னாலும் மாட்டேன் என்பாள். உடைந்த அப்பளத்தை ஒட்டித் தரச் சொல்லி ஒரு மதியம் முழுக்க அழுதவள். சட்டை போட மாட்டாள். போட்டால் கழற்ற மாட்டாள். சோற்றுக் கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு காதைப் பிடித்துத் திருகுவாள். காது குத்தி அதிக நாள் ஆகவில்லை. என் அண்ணன் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். தாய்மாமன் சீராக அவன் வாங்கிப் போட்ட தோடு. திருகுவதில் அவளுக்கு இருந்த ஆர்வத்தை நான் கவனித்திருந்தேன். திருகாணி கழன்றுவிடக் கூடும் என்று மட்டும் நினைக்கவில்லை.

"பாப்பா, திருகு எங்க?"

"வாயில."

"முழுங்கிட்டியா?"

"ஆமா."

"கீழ துப்பிட்டியா?"

"ஆமா."

கட்டிலுக்கு அடியில் போன் வெளிச்சத்தோடு படுத்திருந்த என் கணவர் தலையை வெளியே நீட்டினார். "ஒரு வருஷமா இதுகிட்ட ஒரு ஆமா வாங்க முடியல. இன்னைக்கு எது கேட்டாலும் ஆமாங்குது."

வாயைத் திறக்கச் சொன்னோம். உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். நான் என் வாயைத் திறந்து காட்டினேன். அவர் திறந்து காட்டினார். இரண்டு பேரும் ஆவென்று நிற்க, அவள் எங்கள் பற்களைப் பார்த்துவிட்டுப் போய் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டைப் பெருக்கிக் குப்பையைச் சல்லடையில் சலித்தோம். மெத்தையை உதறினோம். சத்தம் கேட்டு மாடி வீட்டு அக்கா இறங்கி வந்தார்.

"இதுக்கா இவ்ளோ டென்ஷன்? நாலு வாழப்பழம் குடு, தானா வந்துடும். தங்கம் இன்னா வயித்துல கரைஞ்சா பூடும்? ஆனா ஒண்ணு, தங்கம் தொலைஞ்சுதுன்னு வெளிய சொல்லாதே. நல்லதில்ல."

"அவங்க அண்ணன் கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார் கணவர்.

என் பயம் தங்கத்தைப் பற்றியது அல்ல என்பதை யாருக்கும் புரிய வைக்க முடியவில்லை. அது வயிற்றுக்குள் போயிருந்தால் பரவாயில்லை, மூச்சுக்குழாயில் போயிருந்தால்? சிறு பொருள் ஒன்று அங்கே போய் உட்கார்ந்து, முதலில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு மூச்சை அடைப்பதைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். கண்டதையும் படிக்கிறவர்களுக்குக் கிடைக்கும் தண்டனை இது. அவள் மார்பில் காதை வைத்துக் கேட்டேன். என் இதயத் துடிப்புதான் கேட்டது. அவள் என் தலைமுடியைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

திண்டிவனம் சாலையில் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் மார்பில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றார். பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுக்கும் பெண் கேட்டார்: "உடம்புல மெட்டல் எதுவும் இல்லியே? செயின், வளையல், கொலுசு?"

இரண்டு தோடுகளையும் கொலுசையும் ஏற்கெனவே கழற்றியிருந்தேன். "எதுவுமே இல்ல," என்றேன். கல்வெட்டின் ஒரு வரியைக்கூட மூன்று முறை சரிபார்க்காமல் எழுதாதவள் நான்.

கணவர் கைகளையும் நான் கால்களையும் பிடித்துக்கொண்டோம். அவள் வீறிட்டதில் வரிசையில் இருந்த மற்ற குழந்தைகளும் அழ ஆரம்பித்தன.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். தொப்புளுக்குக் கீழே ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. "ஏதோ இருக்கே. ஒண்ணு இல்ல, மூணு."

"மூணா?" என்றார் கணவர். "காதே ரெண்டுதானே டாக்டர் இருக்குது."

வீட்டில் சலித்த குப்பையெல்லாம் நினைவுக்கு வந்தது. வேறு என்னவெல்லாம் முழுங்கியிருக்கிறாள்? ஊக்கா, ஆணியா? அதில் ஒன்று உருண்டையாக வேறு தெரிந்தது.

மருத்துவர் எழுந்து வந்து அவள் சட்டையைத் தூக்கினார். ஜட்டியின் விளிம்பை ஒரு விரலால் கீழே இறக்கினார்.

"இது என்னம்மா?"

அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து, நாய் உருவம் பதித்த ஒரு நாய்க்காசு, உருண்டையாக ஒரு வெள்ளி மணி. பிறந்த சில நாட்களில் கட்டியது. குளிப்பாட்டும்போதுகூடக் கழற்ற மாட்டோம். கயிறு நைந்தால் புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்போம். அதை அவள் அணிந்திருக்கிறாள் என்று எனக்கோ கணவருக்கோ ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. எங்கள் கணக்கில் அது நகை இல்லை, தொப்புளைப் போல உடம்பில் ஒன்று.

"இதுக்குப் பின்னால திருகு மறைஞ்சிருக்கலாம். கழட்டிட்டு இன்னொரு படம் எடுத்துடலாம்."

"அறுக்க வேணாம் டாக்டர்," என்றார் கணவர். கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லாத மனிதர். "வெறும் இடுப்பா இருக்கக் கூடாது."

"உங்கள யாரு அறுக்கச் சொன்னது? காலுக்கு இறக்குங்க."

முழங்காலுக்குக் கீழே கயிற்றை இறக்கிவிட்டோம். கயிறு உடம்பிலேயே இருந்தது, வயிற்றுப் பக்கம் இல்லை, எல்லோருக்கும் சம்மதம். அவளுக்குத்தான் இல்லை. கயிற்றை மேலே ஏற்றச் சொல்லி உதைத்தாள். படம் எடுக்கும் நொடியில் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

இரண்டாவது படத்தில் தொண்டையும் மார்பும் தெளிவாக இருந்தன. வயிறு மட்டும் கலங்கியிருந்தது.

"மூச்சுக்குழாய்ல இல்ல. எனக்கு அது போதும்," என்றார் மருத்துவர். "சின்ன உடம்பு, மூணாவது படம் வேணாம். வயித்துல இருந்தா தானா வந்துடும். ஆய் போறப்ப பார்த்துக்கிட்டே இருங்க. வாந்தி, வயித்துவலி, ஜுரம் எது வந்தாலும் உடனே தூக்கிட்டு வாங்க."

பார்த்துக்கொண்டே இருந்தோம். அதுதான் கெடுத்தது. அவள் ஒரு மூலைக்குப் போய் நின்றால் இரண்டு பேரும் பின்னால் போய் நின்றோம். "ஆய் வருதா பாப்பா?" "வரல." ஆய் போகும் பிளாஸ்டிக் கோப்பையில் உட்கார்ந்து, எங்களை மாறி மாறிப் பார்த்து, எழுந்துவிடுவாள். நாங்கள் எதையோ விரும்புகிறோம் என்று தெரிந்துகொண்டாள். எதை என்றும் தெரிந்துகொண்டாள். தரப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை போயிற்று. ஞாயிறும் போயிற்று. வாழைப்பழத்தைத் தோல் உரித்தது நாங்கள்தான் என்பதால் அதையும் தொடவில்லை. வயிறு கொஞ்சம் கெட்டியாக இருப்பதாக எனக்குப் பட்டது. அடிக்கடி அமுக்கிப் பார்த்ததில் எது முன்பிருந்த வயிறு, எது இப்போதைய வயிறு என்பதே மறந்துபோனது.

பொறுக்க முடியாமல் அண்ணனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

"திருகு போனா போவுது. பாப்பா சாப்டுதா?"

"மாட்டேங்குதுண்ணா. வாயே தொறக்க மாட்டேங்குது."

"நீ தொறந்தியா சின்னதுல? நைனா உன் மூக்கப் புடிச்சி இல்ல ஊட்டுவாரு."

திங்கட்கிழமை கணவர் வேலைக்குப் போய்விட்டார். கரண்ட் பில் கட்டுவதற்காகக் கொஞ்ச நேரம் குழந்தையை மாடி வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவள் ஜட்டி இல்லாமல், முறுக்கும் கையுமாக, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டா," என்றார் அக்கா, பெருமையாக. "நான் பாட்டுக்கு முறுக்கு சுட்டுட்டு இருந்தேன், கண்டுக்கவே இல்ல. அதுவா போயி ஒக்காந்துச்சு."

"எங்கக்கா?"

"எங்கனா? தண்ணி ஊத்திட்டேன்."

"பாத்தீங்களா?"

"எத?" கேட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கரண்டியைக் கீழே வைத்தார். "ஏதோ மஞ்சளா மினுக்குச்சுடி. ஆனா நேத்து என் வூட்டுல சோளம் தின்னுச்சு. அதாக்கூட இருக்கும்."

குழந்தையைக் கேட்டேன். "ஆமா," என்றாள்.

அன்று மதியம் ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். வாந்தியோ வயிற்றுவலியோ ஜுரமோ வரவில்லை. அந்த வாரக் கடைசியில் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்றார். இப்போதும் அவள் காரணமில்லாமல் இருமினால் நான் சமையலறையிலிருந்து ஓடி வருகிறேன்.

வெள்ளிக்கிழமைக் குறிப்பின் கீழே பிறகு சேர்த்து எழுதியது: குழந்தை நலம். திருகாணியை அவள் விழுங்கினாளா என்பது உறுதிப்படவில்லை.