நாலு விதமான சூடு

எங்கள் அலுவலக மதியச் சாப்பாட்டு மேசையில், இறைச்சிக்குப் புகை போடுவது, அதாவது புகையிலேயே மெல்ல வேகவைப்பது, பற்றிப் பேசத் தெரியாதவனுக்கு எதிர்காலம் இல்லை. மனேஜருக்கு அதுதான் பக்தி. என் கொன்ராக்ட் அந்த மாதத்தோடு முடிய இருந்தது. ஆகவே ஒரு திங்கட்கிழமை, நானும் மல்வேர்னில் உள்ள எங்கள் வீட்டுப் பின்வளவில் புகை போடுவதுண்டு என்று சொல்லிவிட்டேன். அவர் மகிழ்ந்துபோய், ஞாயிறு மதியம் வருகிறேன் என்றார்.

என்னிடம் புகையடுப்பே இல்லை என்பது ஒரு சிறிய குறை.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். படித்தவன் செய்வதுபோல அட்டவணை போட்டேன். கரி மலிவு, ஆனால் நாள் முழுக்கப் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும். மரக்குருணையில் எரிவது ஒன்று இருந்தது. அந்த விலைக்குத்தான் அப்பா தன் முதல் காரை வாங்கினார். காஸ் அளவான விலை. ஆனால் வருடக்கணக்காகக் குசினியில் காஸ் அடுப்பிலேயே சமைக்கும் அம்மா, சிலிண்டரின் படத்தைப் பார்த்ததும் சொன்னார்:

"உது வளவுக்குள்ள வந்தா நான் வெளிய."

மிச்சம் கரண்ட். செருகிவிட்டு மறந்துவிடலாம் என்று வாங்கியவர்கள் எல்லாரும் இணையத்தில் எழுதியிருந்தார்கள். இருந்ததில் மலிவானதை வாங்கினேன். பிரிட்ஜ் போட்ட குட்டி மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை கோழிகளை உள்ளே வைத்து, செருகி, சொன்னபடியே மறந்தேன்.

என் கோழியை நம்பி விருந்தாளியை விடலாமா? அம்மா வடைக்கு உழுந்து ஊறப்போட்டிருந்தார். பதினொரு மணிக்குக் குசினியில் கிரைண்டர் ஒரு சுற்றுச் சுற்றியது. குசினிக்கும் பின்வளவுக்கும் ஒரே கரண்ட் இணைப்பு. கிரைண்டரும் புகையடுப்பும் ஒற்றுமையாக நின்றுபோயின.

விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட வேண்டிய பிறேக்கர் பெட்டி கீழே பேஸ்மென்ற்றில். அங்கே வாடகைக்கு இருக்கும் அண்ணை கதவைப் பூட்டி, திறப்பையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். போன் எடுத்தேன்.

"தம்பி, நான் ஷிப்ற்றில நிக்கிறன். நாலு மணிக்குத்தான் வருவன்."

"மற்றத் திறப்பு எங்க அண்ணை?"

"வாடகைக்கு இருக்கிறவையின்ர உரிமை எண்டு கடிதம் எழுதி, உங்களிட்ட இருந்ததையும் நீர்தானே என்னட்டத் தந்தனீர்!"

உண்மை. மூன்று பக்கக் கடிதம்.

மனேஜர் ஒரு மணிக்கு வந்துவிடுவார். கோழி வெளியே பொன்னிறம், உள்ளே பச்சை இறைச்சி. அப்பா எட்டிப் பார்த்தார்.

"படிச்சவன் சமைச்சா கோழியும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கும்."

"உங்கட பகிடியை விட்டிட்டு உதை இஞ்ச கொண்டு வாங்கோ," என்றார் அம்மா. துண்டு துண்டாக வெட்டி, அடுப்பில் ஏற்றி, கறித்தூள் போட்டுப் பிரட்டல் ஆக்கிவிட்டார்.

மனேஜர் நெற்றி வியர்க்க இரண்டு கோப்பை சாப்பிட்டார். எந்தச் சூட்டில் செய்தது என்று கேட்டார். நான் வாய் திறக்கமுன் அம்மா பெருமையாகச் சொன்னார்: "காஸ்."

காஸ்தான் சீராக எரியும் என்று ஆமோதித்தவர், அடுப்பைப் பார்க்கலாமா என்றார்.

நான் குசினி அடுப்பைக் காட்டினேன். பிறகு பின்வளவில் செத்து நின்றதைக் காட்டினேன். பூட்டிய கதவைப் பற்றியும், என் மூன்று பக்கங்களைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தூளாலும் இருக்கலாம்.

கொன்ராக்ட் ஆறு மாதம் நீண்டது. காரணம் யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் இப்போது அவர் என்னிடம் புகை பற்றிக் கேட்பதே இல்லை. அம்மா கட்டித் தந்த சாப்பாட்டுப் பெட்டியை நான் திறக்கும்வரை காத்திருக்கிறார்.