சாட்சிக்கார மீற்றர்

என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட மீற்றர் கிடக்கிறது. எரிபொருள் அழுத்தம் பார்ப்பதற்கானது. கண்ணாடியில் ஒரு கீறல். குழாய் முனையில் பெற்றோல் மணம் இன்னும் போகவில்லை. என் தங்கையின் கணவன் அதற்குச் 'சாட்சிக்காரன்' என்று பெயர் வைத்திருந்தான். நானும் அவனும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுவோம்.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து லவாலில் வீடு வாங்கிய இரண்டாம் வருடம், பனியில் ஓடுகிற பழைய ஸ்னோமொபைல் ஒன்றைக் கொண்டுவந்து கராஜில் இறக்கினான். டேர்போ பூட்டியது. மன்னார் வெயிலில் வளர்ந்தவனுக்குப் பனிமேல் என்ன மோகமோ! தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். வண்டிக்கு ஒரு வருத்தம் இருந்தது. வேக விசையை இறுக்கிப் பிடித்தால் எரிபொருள் அழுத்தம் காட்டும் முள் தொப்பென்று விழும். அதே நேரம் வெப்பம் காட்டும் முள் சிவப்புக்குத் தாவும். அது உண்மையென்றால் விளையாட்டில்லை. டேர்போ காற்றைத் திணிக்கிற நேரத்தில் பெற்றோல் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும். முள் பொய் சொல்கிறதென்றால் இயந்திரத்தில் கை வைக்கவே தேவையில்லை.

சென்ட் லோரன்டில் எத்தனையோ வருடம் மெக்கானிக் வேலை செய்கிறேன். என் தொழிலில் எனக்கு இருப்பது ஒரேயொரு பிடிவாதம். ஒரு முள்ளை நம்புவதற்கு முன்னும் சரி, பொய்யென்று தள்ளுவதற்கு முன்னும் சரி, இன்னொரு மீற்றரைப் பூட்டிப் பார்க்க வேண்டும். மூன்று சனிக்கிழமைகள் அந்தக் கராஜில் குந்தியிருந்தோம். கடைசியில் எரிபொருள் குழாயில் சாட்சிக்காரனைப் பூட்டினேன். மச்சான் விசையை இறுக்கினான். வண்டியின் முள் விழுந்தது. சாட்சிக்காரன் விழவில்லை, டேர்போ ஏற ஏறத் தானும் ஏறினான். "பாத்தியே மச்சான், சாட்சிக்காரன் உண்மையைச் சொல்லிப்போட்டான்!" என்று அவன் துள்ளினான். இரண்டு முள்ளும் ஒன்றாய்ப் பிழைத்ததால் இரண்டுக்கும் பொதுவான எர்த் வயரைத் தேடினோம். மீற்றர்களுக்குப் பின்னால், ஒரு ஆணியடியில் அது துருவேறிக் கிடந்தது. சுரண்டி இறுக்கியதும் இரண்டும் சொன்னபடி கேட்டன. தங்கை வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்திருந்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவனுக்கு அடிக்கடி தலையிடி என்று தங்கை இரத்த அழுத்தம் பார்க்கும் மிசின் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அவன் கையில் பட்டியைச் சுற்றிப் பொத்தானை அமத்தினாள். நூற்றுத் தொண்ணூறு. திரும்பவும் அளந்தாள். அதற்கும் மேலே. அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"என்ன மச்சான், இதுக்கும் எர்த் வயர் துருப்பிடிச்சிட்டுதோ?"

நான் சிரித்தேன். கறிச் சட்டியைப் பக்கத்தில் இழுத்தபடி, "பற்றரி போயிருக்கும். விட்டிட்டுச் சாப்பிடு" என்றேன்.

"எதுக்கும் டொக்டரிட்டை ஒருக்காக் காட்டுவமே?" என்றாள் தங்கை.

"பேந்து பாப்பம். மெக்கானிக்கே சொல்லிப்போட்டான்" என்றான் அவன்.

தெருமுனை மருந்துக்கடையில், கையை விட்டால் அளந்து சொல்லும் மிசின் ஒன்று இருந்தது. ஐந்து நிமிட நடை. நாங்கள் போகவில்லை. பதினொரு நாள் கழித்து, புவாண்ட்-கிளேரில் அவன் வேலை செய்த கிடங்கில், பெட்டி தூக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள்.

இரண்டு வருடம் வண்டி படங்கு மூடிக் கிடந்தது. போன மாதம்தான் விற்கலாம் என்றாள் தங்கை. சாட்சிக்காரனைப் பூட்டிச் சரிபார்த்தேன். வண்டியின் முள்ளும் அவனும் ஒரே கணக்கைக் காட்டின. குழாயைக் கழற்றும்போது தங்கை ஒரு பையோடு வந்து நின்றாள்.

"அண்ணை, இந்தப் பிழையான மிசினையும் கொண்டுபோய் எறிஞ்சு விடுங்கோ. நான் ஒரு நல்ல மிசினா வாங்கியிருந்தா அது சொன்னதை நம்பியிருப்பம், அவர் இருந்திருப்பார்."

இத்தனை நாளும் அவள் இதைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். மிசினை என் கையில் சுற்றி அமத்தினேன். நான் பழி போட்ட அதே பற்றரிதான், வேலை செய்தது. வந்த இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தேன். அங்கேயும் அளந்தேன். ஒன்று கூட, ஒன்று குறைய, அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பி வந்து, "மிசின் பிழையில்லை, பிள்ளை. நான் சொன்னதுதான் பிழை" என்றேன்.

அவள் அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். படங்கை மெல்ல மெல்ல மடித்து முடித்தாள். "அண்டைக்கு அவர் நிம்மதியாப் படுத்தவர், அண்ணை. நீங்கள் சொன்னதை நம்பி" என்றாள்.

வண்டியை வாங்கியவர் மீற்றரையும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. வேறு சாமான் தேடும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது. ஒரு வண்டிக்காக மூன்று சனிக்கிழமை குந்தியிருந்து அதைப் பூட்டிப் பார்த்தவன் நான். என் மச்சானுக்காக ஐந்து நிமிடம் நடக்கவில்லை.