பஸ் தரிப்பில் நின்றவள்

வெரிபீ என்ற புறநகரில் நான் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்குள் ஒரு பின்னேரம் இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி கதவை மறித்து நின்றாள். மற்றவள் பெட்டி வெட்டும் கத்தியை என் முகத்துக்கு நேரே நீட்டி, சிகரெட் அலுமாரியைத் திறக்கச் சொன்னாள். அதற்கு முன்னர் கத்தி பிடித்துப் பழகியவள் போலத் தெரியவில்லை. அதுதான் என்னைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

இருவரையும் பொலிஸ் பிடித்தது. ஒரே வகுப்புப் பிள்ளைகள். கதவில் நின்றவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்ததால் அவளுடைய வழக்கு பெரியவர்களின் நீதிமன்றத்துக்குப் போனது. கத்தி பிடித்தவளுக்குப் பதினேழு, சிறுவர் நீதிமன்றம். தண்டனை சொல்வதற்கு முன்னர் அவளை நேரில் சந்தித்துப் பேச வருவீர்களா என்று அந்த நீதிமன்றத்தின் சார்பில் ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாள்.

"நீர் போகத் தேவையில்லை. விருப்பமில்லை எண்டு சொல்லும்," என்றார் கணவர்.

"மாட்டன் எண்டா அதையும் எங்கையாவது எழுதுவினம். விசாவில பிரச்சினை வந்தா?"

படகில் வந்தவர்கள் நாங்கள். தற்காலிக விசா. அரசாங்கத்து மேசை எதையும் கண்டால் எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் போனேன்.

நகரசபைக் கட்டடத்தில் ஒரு சிறிய அறை. எனக்கு எதிரே கத்தி பிடித்தவள். பக்கத்தில் அவளுடைய தாய், சட்டத்தரணி. என்னை அழைத்த பெண்தான் கூட்டத்தை நடத்தினாள். இதற்கும் விசாவுக்கும் தொடர்பில்லை என்று சொன்னாள். நான் நம்பவில்லை.

"நீங்கள் பயப்படவில்லை என்றுதான் நினைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்," என்றாள் அந்தப் பிள்ளை.

நான் பார்த்தது கத்தியை. எனக்கு ஏதாவது ஆனால் மகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவார்கள் என்று அப்போது யோசித்ததை, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுடைய தாய் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை ஏதோ முணுமுணுத்தாள். மன்னிப்பாக இருக்கலாம், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள்.

"இவள் கடைப் பக்கமே வரக் கூடாது."

அவள் தலையாட்டினாள். பிறகு மெதுவாக, "பள்ளிக்கூட பஸ் உங்கள் கடைக்கு முன்னால்தான் நிற்கும். அங்கே நிற்கலாமா?" என்று கேட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் இவள் பள்ளிக்கூடம் போகாமல் தெருவில் திரிவதை நினைக்க இன்னும் பயமாக இருந்தது.

"நில். உள்ளே வராதே."

அவளை மறியலில் அடைக்கவில்லை, கண்காணிப்பில் விட்டார்கள். கதவில் நின்ற கூட்டாளிக்குக் குற்றப் பதிவு விழுந்தது. கத்தியைத் தொடாதவளுக்கு ஏன் அது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காலை வேளைகளில் அவள் கடைக்கு முதுகைக் காட்டியபடி தரிப்பில் நிற்பாள். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனாலும் பஸ் வந்து அவள் ஏறும்வரை என் விரல் கடைக் கதவைப் பூட்டும் பொத்தானில் இருக்கும்.

"மறியலுக்கு அனுப்பியிருந்தா பயமில்லாமல் இருந்திருப்பீரோ?" என்று கணவர் ஒருமுறை கேட்டார்.

"இல்லையப்பா. அப்ப அவள் வெளியில வாற நாளை நினைச்சுப் பயந்துகொண்டு இருந்திருப்பன்."